கோட்டை இல்லாத நகரம்: புதுச்சேரிக் காட்சிகளின் சட்ட வரலாறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



புதுச்சேரிக்கு வரும் பயணிகளுக்காக அச்சிடப்படும் கையேடுகள் அந்நகரத்தை மஞ்சள் சுவர்கள், வளைந்த வாயில்கள், காகிதப்பூக் கொடிகள், சிவப்புத் தொப்பி அணிந்த போக்குவரத்துக் காவலர்கள் ஆகியவற்றின் தொகுப்பாகக் காட்டுவதோடு, இவை யாவும் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற அழகுணர்ச்சியின் எச்சங்கள் என்று கூறி நிறுத்திக்கொள்கின்றன. இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் கருத்து வேறு. புதுச்சேரியில் பயணி காணும் முதன்மையான காட்சிகள் பலவும், அவர் எதிர்பார்த்து வந்து காணாமற்போகும் சிலவும், பன்னாட்டு உடன்படிக்கைகளின் பிரிவுகளாலும் அரசாணைகளாலும் அரசமைப்பு விதிகளாலும் அமைந்தவை. அந்த ஏடுகளைப் படிக்காமல் அந்நகரத்தைப் பார்த்தவர் அதன் பாதியையே பார்த்தவராவார் என்பதே இங்கு நிறுவப்படவிருக்கும் கருத்து. உடன்படிக்கை என்று இங்கே குறிக்கப்படுவது, தம் நிலப்பரப்பின்மீது முழு ஆட்சியுரிமை, அதாவது இறைமை, உடைய அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்டு, தத்தம் நாட்டு முறைப்படி ஏற்புறுதி அளித்தபின் அவற்றைக் கட்டுப்படுத்தும் எழுத்து வடிவ ஒப்பந்தமாகும்.

1. கோட்டையின் இன்மை

சென்னையில் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையும் தரங்கம்பாடியில் டேனியரின் டான்ஸ்போர்க் கோட்டையும் இன்றும் கடலை நோக்கி நிற்க, அவ்விரண்டுக்கும் இடையில் பிரெஞ்சு இந்தியாவின் தலைநகராக விளங்கிய புதுச்சேரிக் கடற்கரையில் மட்டும் கோட்டை ஏதும் இல்லாதது ஏன் என்ற வினா, அக்கடற்கரைச் சாலையில் நடக்கும் எவருக்கும் எழ வேண்டியது. 1761 ஜனவரியில் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், இன்றைய பாரதி பூங்காவை ஒட்டிய பகுதியில் இருந்த புனித லூயி கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது உண்மைதான் என்றாலும், 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி நகரம் திரும்பக் கிடைத்தபின் பிரெஞ்சுக்காரர் அதைச் சுற்றி மதில்களை மீண்டும் எழுப்பியதையும், 1778இலும் 1793இலும் நகரம் மறுபடி முற்றுகைக்கு உள்ளாகி வீழ்ந்ததையும் அது விளக்காது. இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் கட்டுவது அக்கால அரசுகளுக்கு வழக்கமான செயலே. அதைக் கட்டவே கூடாது என்ற நிலையை உண்டாக்கியது நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1814 மே 30 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியாவில் தனக்குத் திருப்பி அளிக்கப்படும் குடியிருப்புகளில் அரண் எதையும் கட்டுவதில்லை என்றும், காவல் பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் படைவீரர்களை வைத்துக்கொள்வதில்லை என்றும் பிரான்ஸ் அப்பிரிவில் உறுதியளித்தது. 1816 டிசம்பரில் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது, அது தன்னைத் தற்காத்துக்கொள்ளும் உரிமையை இழந்த நகரமாகவே வந்தது.

இந்த ஒரு பிரிவின் விளைவை நகரத்தின் தரையிலேயே காணலாம். வடக்கே சர்தார் வல்லபபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரையை ஒட்டிய கூபேர் அவென்யூ ஆகிய நான்கும் சேர்ந்து பழைய நகரத்தை ஒரு முட்டை வடிவில் சூழ்ந்திருப்பதும், ஊர்மக்கள் அதன் உட்பகுதியைப் புல்வார் என்று அழைப்பதும் பலர் அறிந்தவை. இவற்றுள் நிலப்பக்கத்துச் சாலைகள் மூன்றும் ஏறத்தாழப் பழைய மதிலின் தடத்திலேயே ஓடுகின்றன. மதிலை மீண்டும் எழுப்ப உடன்படிக்கை இடம் தராத நிலையில், அது நின்ற இடம் மரநிழல் சாலையாக மாறியது. இன்று அவ்வழியே இருசக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றிவரும் பயணி, தாம் அறியாமலேயே ஓர் அரணின் எல்லையைச் சுற்றிவருகிறார். புதுச்சேரியின் கடற்கரை இவ்வளவு திறந்ததாகவும் நடைபயில்வோருக்கு உரியதாகவும் இருப்பதற்குத் தோல்வியுற்ற ஓர் அரசின் கையெழுத்தும் காரணம் என்பதைச் சொல்லாமல் அதன் அழகைப் பற்றி மட்டும் எழுதுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது.

2. துண்டு துண்டான எல்லை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வருபவர் மதகடிப்பட்டில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் நுழைந்து, திருபுவனையைக் கடந்தபின் கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வந்து, அரியூர், வில்லியனூர் வழியாக மறுபடி புதுச்சேரிக்குள் செல்கிறார். வரவேற்புப் பலகைகள் மாறுகின்றன; கடைப்பெயர்ப் பலகைகளில் மாவட்டப் பெயர் மாறுகிறது; மதுக்கடைகள் சாலையோரத்தில் திடீரெனப் பெருகிப் பின் மறைகின்றன; எரிபொருளின் விலையும் மாறுகிறது. வரி விதிப்பில் ஒன்றியப் பகுதிக்குத் தனி அதிகாரம் இருப்பதே மதுக்கடைகளின் பெருக்கத்துக்கும் விலை மாற்றத்துக்கும் உடனடிக் காரணம். ஆனால் ஆறும் மலையும் தடுக்காத சமவெளியில் எல்லை இவ்வாறு பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதற்கான காரணத்தை 18ஆம் நூற்றாண்டில்தான் தேட வேண்டும்.

கர்நாடகப் போர்களின் காலத்தில் பிரெஞ்சுக் கம்பெனி உள்நாட்டு ஆட்சியாளர்களிடமிருந்து பெற்றவை வரைபடத்தில் கோடிட்டுப் பிரித்த நிலப்பரப்புகள் அல்ல. அவை ஊர்களின் வருவாயை வசூலித்துக்கொள்ளும் உரிமைகள். ஓர் ஊர் மானியத்தில் சேர்ந்திருக்கலாம். அதன் அண்டை ஊர் வேறொருவருக்கு உரியதாகவோ ஆற்காட்டு நவாபின் நேரடி வருவாயிலோ இருந்திருக்கலாம். அக்கால ஆட்சிமுறையில் இது குறையன்று. ஓர் ஊரின் மேலாண்மையைப் பலர் பல வகையில் பகிர்ந்துகொள்வதே அதன் இயல்பு. வில்லியனூர், பாகூர் ஆகிய இரு வட்டாரங்களைப் புதுச்சேரியைச் சார்ந்த பகுதிகளாகப் பிரான்சுக்குப் பெற்றுத்தர 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையில் பிரிட்டன் ஒப்புக்கொண்டபோதும், 1792 ஜனவரி 1 அன்று பிரான்சிடம் இருந்தவை திருப்பித் தரப்படும் என்று 1814ஆம் ஆண்டு உடன்படிக்கை அறுதியிட்டபோதும், வருவாய் உரிமைகளின் அந்தப் பட்டியல் நாட்டெல்லையாக மாறியது. ஊர்க்கணக்குப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்த வரி, இரண்டு பேரரசுகளுக்கு இடையிலான பன்னாட்டு எல்லையானது. இந்திய விடுதலைக்குப் பின் அதே கோடு சுங்கச் சாவடிகளின் கோடாகவும், 1963க்குப் பின் ஒன்றியப் பகுதியின் கோடாகவும் நீடித்து, வயலுக்கு ஓர் ஆட்சி, வீட்டுக்கு ஓர் ஆட்சி என்று வாழும் உழவர் குடும்பங்களை இன்றளவும் உருவாக்கி வைத்திருக்கிறது. காட்சியளவில் இது பயணிக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அங்கே வாழ்வோருக்குச் சாதிச் சான்றிதழ் முதல் மருத்துவமனை வரை அன்றாடம் முட்டும் சுவராகும்.

இதே காலத்து ஒப்பந்தங்கள் உப்பையும் விட்டுவைக்கவில்லை. 1815 மார்ச்சில் லண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சுக் குடியிருப்புகளில் விளையும் உப்பை உள்ளூர்த் தேவை போக வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் கிடைத்தது. 1818இல் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. தொழிலை இழந்தவர்கள் உப்பளக்காரர்கள்.

3. புகலிடத்தின் சுவர்கள்

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதியார் இல்லத்துக்கும் அரவிந்தர் ஆசிரமத்துக்கும் செல்வோர் எண்ணற்றவர். அவ்விரண்டும் புதுச்சேரியில் அமைந்ததற்குக் காரணம், முந்தைய பகுதியில் கூறிய அந்தச் சிதறிய எல்லைக்கோடே. பாரதி எழுதிவந்த ‘இந்தியா’ இதழின் பொறுப்பாளராகச் சட்டப்படி பதிவுபெற்றிருந்தவர் 1908இல் சென்னையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின்கீழ், அதாவது அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டிய குற்றத்துக்காக, தண்டிக்கப்பட்ட பின் பாரதியும் அவ்விதழும் புதுச்சேரிக்கு வந்தனர். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். பிரெஞ்சு மண்ணில் 1881 ஜூலை 29ஆம் நாளைய பத்திரிகைச் சட்டம் நடைமுறையில் இருந்ததால், அங்கே அச்சிடுவதற்கு இருந்த உரிமை சென்னையில் இருந்ததைவிட மிகுதி. பிரிட்டிஷ் அரசால் அச்சுக்கூடத்தைத் தொட முடியவில்லை. தன் எல்லைக்குள் இதழ் நுழைவதை மட்டுமே தடுக்க முடிந்தது, வாசகரை இழந்த இதழ் 1910இல் நின்றது. எல்லைக்கோட்டின் பொருளைப் பாரதி தம் உடலாலேயே உணர்ந்தார்: 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டவர் கடலூர் அருகே பிரிட்டிஷ் எல்லையில் கைதுசெய்யப்பட்டு, டிசம்பர் 14 வரை சிறையில் வைக்கப்பட்டார். பத்தாண்டுகளாக அவரைக் காத்த சட்டத்தின் ஆட்சி சில மைல் தொலைவில் முடிந்துபோயிருந்தது.

4. கீழூர்த் தூண்

புதுச்சேரி நகருக்கு மேற்கே, வயல்கள் சூழ்ந்த கீழூரில் ஒரு நினைவுத் தூண் உள்ளது. நகரத்துப் பயணிகளுள் அங்கே செல்வோர் மிகச் சிலரே. இச்சொற்பொழிவு பேசும் காட்சிகள் அனைத்திலும் சட்டப் பொருள் மிகுந்தது அதுவே என்பதால், சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது.

பிரிட்டிஷ் இந்தியாவின் விடுதலை லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தால் நிகழ்ந்தது. பிரான்ஸ் அவ்வாறு செய்ய அதன் அரசமைப்பே இடம் தரவில்லை. 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசமைப்பின் 27ஆம் பிரிவு, தொடர்புடைய மக்களின் ஒப்புதல் இல்லாமல் நிலப்பரப்பு எதையும் விட்டுக்கொடுப்பதோ மாற்றிக்கொள்வதோ சேர்த்துக்கொள்வதோ செல்லாது என்று விதித்தது. ஆகவே 1948 ஜூனில் இந்திய, பிரெஞ்சு அரசுகள் பொது வாக்கெடுப்புக்கு உடன்பட்டன. அதன்படி 1949 ஜூன் 19 அன்று வங்கத்திலிருந்த பிரெஞ்சுக் குடியிருப்பான சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்து, இந்தியாவுடன் சேர 7,473 பேரும் எதிராக 114 பேரும் வாக்களித்தனர். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய மற்ற நான்கு குடியிருப்புகளிலும் அத்தகைய நேரடி வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அச்சுறுத்தலும் கட்சி மாற்றங்களும் எல்லைத் தடைகளும் நிறைந்த சூழலில் இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்க, ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் கண்டெடுக்கப்பட்ட வழி, மக்களின் ஒப்புதலை மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் வாயிலாகப் பெறுவது. 1954 அக்டோபர் 18 அன்று பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் கீழூரில் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். மூன்று நாட்களில் டெல்லியில் உடன்பாடு கையெழுத்தாகி, நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

178 பேரின் வாக்கு 27ஆம் பிரிவு கோரிய மக்களின் ஒப்புதல் ஆகுமா என்பது அக்காலத்திலேயே எழுப்பப்பட்ட வினா. மக்களின் விருப்பம் எத்திசையில் இருந்தது என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. தொழிலாளர் இயக்கமும் மாணவர் இயக்கமும் கொம்யூன்கள் எனப்படும் உள்ளாட்சிப் பகுதிகள் ஒவ்வொன்றாகக் கைப்பற்றப்பட்ட நிகழ்வுகளும் அதை வெளிப்படையாகக் காட்டியிருந்தன. எனினும், ஒவ்வொரு குடிமகனும் குடிமகளும் தம் நாட்டைத் தாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சந்திரநாகூருக்குக் கிடைத்து, புதுச்சேரிக்குக் கிடைக்காமற்போனது ஓர் இழப்பே. கீழூர்த் தூணை வெற்றிச் சின்னமாக மட்டும் காண்பதைவிட, ஓர் அரசமைப்புப் பிரிவின் கட்டளையை நிறைவேற்ற நிகழ்ந்த சட்டச் செயலின் இடமாகவும் காண்பதே அதற்குச் செய்யும் உரிய மரியாதை.

5. இரண்டு விடுதலை நாட்களும் ஒரு சட்டமன்றமும்

நவம்பர் 1, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாட்களிலும் புதுச்சேரியில் அரசு விழாக்கள் நடப்பதைக் காணும் வெளியூரார், இரண்டில் எது உண்மையான நாள் என்று கேட்பதுண்டு. 1954 நவம்பர் 1 அன்று நிகழ்ந்தது நடைமுறை ஒப்படைப்பு, அதாவது இறைமை பிரான்சிடமே இருக்க நிர்வாகம் மட்டும் கைமாறுதல். இறைமையையே மாற்றித்தரும் உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தானாலும், அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 ஜூலையில்தான் அதற்கு ஏற்புறுதி அளித்தது. ஏற்புறுதி ஆவணங்கள் 1962 ஆகஸ்ட் 16 அன்று பரிமாறப்பட்டபோதுதான் சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவுற்றது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இந்திய அரசு புதுச்சேரியை, இந்தியாவுக்கு வெளியே உள்ள நிலப்பரப்பில் அதிகாரம் செலுத்த வழிசெய்யும் 1947ஆம் ஆண்டு அயல்நாட்டு அதிகாரச் சட்டத்தின்கீழ் ஆண்டது. அந்நிலையில் புதுச்சேரி இந்திய மண்ணா என்ற வினா மஸ்தான் சாகிப் வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, புதுச்சேரி இந்திய நிலப்பரப்பின் பகுதியன்று என்று ஒன்றிய அரசே தெரிவிக்க, நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கடற்கரைச் சாலையில் மூவண்ணக் கொடி பறந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அக்கொடி நின்ற மண் சட்டத்தின் கண்ணில் அயல் மண்ணாக இருந்தது.

பாரதி பூங்காவுக்கு எதிரே உள்ள சட்டமன்றக் கட்டடமும் அதே 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு தொடர்புடையது. ஆந்திரக் கடற்கரையின் ஏனாமும் கேரளக் கடற்கரையின் மாகேயும் காவிரிப் படுகையின் காரைக்காலும் தம் உறுப்பினர்களை இங்கே அனுப்புவது பயணிக்கு விந்தையாகத் தோன்றினாலும், அதன் வேர் உடன்படிக்கையின் 2ஆம் பிரிவில் உள்ளது. 1954 நவம்பர் 1க்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், அந்நிலையில் செய்யப்படும் அரசமைப்பு மாற்றம் எதுவும் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்யப்படும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. அரசமைப்பின் 14ஆம் திருத்தமும் 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டமும் அதன்பின் வந்தவை. 1979இல் அண்டை மாநிலங்களுடன் இணைக்கும் பேச்சு எழுந்தபோது புதுச்சேரி கொதித்தெழுந்ததை வெறும் ஊர்ப்பற்று என்று ஒதுக்குவது தவறு. மக்களைக் கேட்காமல் மாற்றமில்லை என்ற எழுத்து வடிவ வாக்குறுதி அவர்களிடம் இருந்தது.

6. போர் நினைவுச் சின்னமும் வீட்டு வாயிற் பெயர்களும்

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே, முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சு இந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் உள்ளது. ஜூலை 14 அன்று அங்கே பிரெஞ்சுக் குடிமக்களான தமிழர்கள் திரள்கின்றனர். தமிழ் பேசும், தமிழ்நாட்டு உணவு உண்ணும், தலைமுறைகளாக இவ்வூரில் வாழும் அவர்கள் எவ்வாறு பிரான்சின் குடிமக்களாயினர் என்பதற்கு 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 4, 5ஆம் பிரிவுகள் விடை தருகின்றன. இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர் ஆறு மாதங்களுக்குள் எழுத்துவழி அறிவிக்க வேண்டும். 1963 பிப்ரவரியில் அக்காலவரம்பு முடிந்தது. பல குடும்பங்களில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி வேறொரு நாட்டுக்கும் உரியவராயினர். படையில் பணியாற்றியவர் குடும்பத்துக்கு ஓய்வூதியமும் பிரான்சுக்குச் செல்லும் உரிமையும் கிடைக்க, விண்ணப்பம் எழுதத் தெரியாதவரும் காலவரம்பை அறியாதவரும் அவற்றை இழந்தனர். ஆறு மாத அறிவிப்பு ஒன்றின்மேல் தலைமுறைகளின் வாழ்வை நிறுத்தியது கொடிது என்றே சொல்ல வேண்டும்.

இதனினும் பழைய அடுக்கு ஒன்றும் உண்டு. 1819 ஜனவரி 6ஆம் நாளைய ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளைப் புதுச்சேரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதே, இந்தியர்கள் முன்போலத் தத்தம் சாதி வழக்கங்களின்படியே தீர்ப்பளிக்கப்படுவர் என்றும் கூறியது. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றை ஒருவரின் சமயத்தையும் சமூகத்தையும் ஒட்டித் தீர்மானிக்கும் இவ்விதிகளைத் தனிநபர் சட்டம் என்பர். சாதி வழக்கத்தின் பிடியிலிருந்து சட்டத்தின் வழியாகவே வெளியேற விரும்பியவர்களுக்கு 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய அரசாணை ஒரு வாயிலைத் திறந்தது: தம் தனிநபர் சட்டத்தைத் துறப்பதாக அறிவித்து, ஒரு குடும்பப் பெயரையும் ஏற்பவர், மனைவி, சிறார் மக்கள் உட்பட, பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தின் ஆளுகைக்குள் மீளமுடியாதபடி வருவர். இவர்களே ரெனான்சான் எனப்படுவோர். இதற்காகப் போராடியவர்களுள் முதன்மையானவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. தாம் ஏற்ற லாபோர்த் என்னும் பெயராலும் அறியப்படுபவர். காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873இல் தடுக்கப்பட்ட அவர், பாரிஸ் உச்ச முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று வென்றார். துறந்தவர்களுள் தாழ்த்தப்பட்டோரும் கிறித்தவரும் மிகுதி. சட்டத்தின் முன் சமமாக நின்றாலும் அவர்களை ஐரோப்பியரோடு ஒரே பட்டியலில் வைக்க ஆட்சியாளர் விரும்பாததால், 1884இல் வாக்காளர்கள் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்.

1963 அக்டோபர் 1 முதல் இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, இந்துத் திருமணச் சட்டத்திலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் ஓர் உட்பிரிவு சேர்ந்தது: இச்சட்டத்தில் உள்ள எதுவும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனான்சான்களுக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். ஆகவே நகரத்தின் ஒரே தெருவில், தமிழ்ப்பெயரோடு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சேர்ந்த வாயிற்பலகை உள்ள வீட்டுக்கும் அதன் அடுத்த வீட்டுக்கும் சொத்துப் பிரியும் முறை வெவ்வேறு. முதல் வீட்டில், பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட வேண்டிய கட்டாயப் பங்கைத் தந்தை உயில் எழுதியும் பறிக்க முடியாது. மகளுக்கும் மகனுக்கும் பங்கு சமம், அது அக்குடும்பத்தின் முன்னோர் பதிவாளர் முன் கையொப்பமிட்ட நாள் முதலே வந்த உரிமை. அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்தின் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் சம உரிமையை நாடு முழுவதற்குமான திருத்தச் சட்டம் தந்தது 2005இல். தமிழ்நாடு அதை 1989இல் தந்திருந்தது.